என் படத்துக்கு விழுந்த மாலை

1

குடியாத்தத்தில் இருந்து போன் வந்தால் என் பெண் கீர்த்தி கேட்கும் முதல் கேள்வி, "யாரும்மா செத்துட்டாங்க?" என்பதுதான். அவளைக் குறை சொல்ல முடியாது. பெங்களூரில் பிறந்து வளர்ந்த இருபத்து மூன்று வருடத்தில் அவள் எங்கள் ஊருக்கு வந்தது ஏழெட்டுத் தடவை. அதில் பாதிக்கு மேல் சாவுக்கு.

போன சனிக்கிழமை சாயங்காலமும் போன் வந்தது. என் பள்ளித் தோழி ஜெயந்தி. கீர்த்தி வழக்கம்போலக் கேட்டாள். ஜெயந்தி மூச்சு விடாமல் சொன்னதை எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கீர்த்தியைத் திரும்பிப் பார்த்து, "நான்தாண்டி" என்றேன்.

2

ஊர்க்காரர்களுக்கு என்னைத் தெரியும், அவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயர் நிர்மலா. குடியாத்தத்துப் பெண். கல்யாணமாகி பெங்களூர் வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. முதலில் நீலசந்திரா, இப்போது பிரேசர் டவுன். ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. அட்மிஷன் படிவம் கொடுப்பேன், நிரப்பியதை வாங்குவேன், அட்ரஸ் புரூப் இல்லாமல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவேன். நோட்டீஸ் போர்டும் நான்தான் எழுதுகிறேன். அந்த விஷயத்தில் என்னை அடித்துக்கொள்ள இந்த ஏரியாவில் ஆள் கிடையாது. எந்த வரி மேலே வரவேண்டும், எது சிவப்பில் இருக்கவேண்டும், எதைப் பெரிதாகப் போட்டால் அவசரமாக ஓடுகிற அப்பாக்கள்கூட நின்று படிப்பார்கள், எல்லாம் எனக்கு அத்துப்படி. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

"மூணு மணி நேரத்துல ரயில்ல வந்து சேர்ற ஊர். என்னமோ கப்பல் ஏறிப் போனவ மாதிரி எழுதற" என்று என் அண்ணன் கிண்டல் செய்வான். அவனுக்கு என்ன தெரியும்? ஜோலார்பேட்டை தாண்டி வண்டி மேடு ஏறியதும் பஸ் போர்டு படிக்கத் தெரியாதவளாகிவிட்டேன் நான். பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து இருந்தால் போதும் என்று வளர்ந்தவள். இங்கே வந்த புதிதில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். காலியாக விட்டால் கம்ப்யூட்டர் வாங்கவில்லை. வேறு வழியில்லாமல் அப்பாவின் பெயரை அதில் போட்டேன். அன்றிலிருந்து எனக்கு வருகிற பாதிக் கடிதங்கள் 'அன்புள்ள கோவிந்தசாமி' என்றுதான் ஆரம்பிக்கின்றன. அப்பா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது, அவருக்குக் கடிதம் மட்டும் நிற்கவில்லை.

இப்போது கன்னடம் நன்றாக வரும். வேண்டாத இடத்திலும் வரும். அண்ணியிடம் பேசும்போது "சரி, ஆச்சு" என்பதற்குப் பதில் "ஆய்த்து, ஆய்த்து" என்று சொல்லித் தொலைக்கிறேன். அவள் போனைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாளாம்.

பத்து வருடமாக ஒரு வலைப்பதிவு எழுதுகிறேன். அதற்கும் பெயர் 'நோட்டீஸ் போர்டு'தான். படிக்க இரண்டு வகை ஆட்கள் வருகிறார்கள். ஒரு வகை எங்கள் ஊர்க்காரர்கள். நான் என்ன எழுதினேன் என்பதைவிடத் தங்கள் பெயர் அதில் வந்திருக்கிறதா என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். வாடகை வீடு தேடி அலைந்ததை உருகி உருகி எழுதியிருப்பேன். கீழே, "அக்கா, டீச்சர் ஸ்கூட்டர்ல நாம காத்து புடுங்கி விட்டமே, அத எழுதுங்க" என்று கருத்து வரும். இன்னொரு வகை, முன்பின் தெரியாதவர்கள். வாடகை ஒப்பந்தம் கன்னடத்தில் இருந்தால் எந்தெந்த வரியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடவேண்டும், ஆதாரில் முகவரி மாற்ற என்னென்ன கொண்டு போகவேண்டும் என்று தேடி வருகிறவர்கள். பெட்டியோடு புதிதாக வந்து இறங்கிய நம் ஜனங்கள். அவர்களுக்கு ஸ்கூட்டர் கதை எதற்கு? ஊரிலேயே இருப்பவர்களுக்கு வாடகை ஒப்பந்தம் எதற்கு? இரண்டையும் பத்து வருடம் ஒரே பானையில் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

3

கீர்த்திக்கு ஒரு கம்பெனியில் இதுதான் வேலை. வலைத்தளங்களுக்கு முகப்பு வடிவமைத்துத் தருவது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே என் வலைப்பதிவைத் திறந்து பார்த்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"அம்மா, புதுசா வர்றவங்களுக்கு நீ யாருன்னே கொத்தாகல்ல."

கொத்தாகல்ல என்றால் தெரியவில்லை என்று அர்த்தம். அவளுடைய தமிழ் அப்படித்தான். பேசுவாள், எழுத்துக்கூட்டிப் படிக்கவும் செய்வாள். ஆனால் ஒரு கடைப் பலகையைப் படித்து முடிப்பதற்குள் பஸ் அடுத்த ஸ்டாப்புக்குப் போய்விடும். நான் எழுதியதில் ஒன்றைக்கூட அவள் முழுதாகப் படித்ததில்லை. தமிழ் சொல்லிக்கொடுக்க நேரமில்லை நேரமில்லை என்று நான் சொல்லிச் சொல்லியே அவள் வளர்ந்துவிட்டாள். அந்த வருத்தம் எனக்கு உண்டு, யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

"பத்தாவது வருஷத்துக்கு என் கிஃப்ட். நானே புதுசா பண்ணித் தர்றேன்" என்றாள். முகப்பில் இரண்டு வாசல் வைக்கலாம் என்பது அவள் யோசனை. 'பழைய சிநேகம்' என்று ஒரு பொத்தான். அதை அமுக்கினால் ஊர்க் கதை, தோழிகளின் படங்கள். 'புதிய வரவு' என்று இன்னொன்று. அதற்குள் வாடகை, முகவரி, பஸ், பள்ளிக்கூடம். யாரும் யார் காலையும் மிதிக்க வேண்டாம். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

தோழிகள் பட்டியல் கேட்டாள். பதினோரு பெயர் எழுதிக் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த என் கணவர் சேகர் எட்டிப் பார்த்தார்.

"தனம் பேரு எங்க?"

"பதினொண்ணு போதும்."

கீர்த்தி திரையைக் காட்டினாள். "பன்னெண்டு இருந்தாதான்மா கரெக்டா வரும். நாலு நாலா மூணு வரிசை. இங்க பாரு, ஒரு கட்டம் காலியா நிக்குது."

"காலியாவே நிக்கட்டும்" என்று எழுந்து போய்விட்டேன். சேகர் அவரைக்காயை உரித்துக்கொண்டிருந்தார்.

4

இந்தப் பத்து வருடத்தில் தனத்தைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன்.

தனமும் நானும் ஒரே தெரு, ஒரே பெஞ்சு. நான் பெங்களூர் வந்து பல வருடம் கழித்து, அவள் கணவருக்குப் பெங்களூர் ஓரத்தில், ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. வீடு அமையும்வரை எங்களோடு இருங்கள் என்று நான்தான் கூப்பிட்டேன். அப்போது நீலசந்திராவில் மாடியில் ஒரே ஒரு படுக்கையறை வீடு. தனம், அவள் கணவர், ஐந்து வயதுப் பெண் குழந்தை, நாங்கள் மூன்று பேர். இது நடந்து பதினோரு வருடம் ஆகிறது.

வீட்டு ஓனர் கீழே இருந்தார். விருந்தாளிகள் ஒரு வாரத்துக்கு மேல் தங்கக்கூடாது என்பது அவருடைய கண்டிஷன். நான் அவரிடம், தனத்துக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக்காக வந்திருக்கிறார்கள் என்று ஒரு பொய் சொல்லி வைத்தேன். ஒரு வாரம் இரண்டு மாதமானது. தனத்துக்கு எங்கள் தெரு முனைப் பள்ளிக்கூடம் பிடித்துப்போனது. ஹெப்பகோடியை விட்டுவிட்டு இங்கேயே பக்கத்தில் வீடு பார்த்துக்கொள்ளலாம், பெண்ணை அங்கே சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்தாள். பெங்களூர் விலாசத்துக்கு அவளிடம் ஒரு காகிதமும் இல்லை. இவர்கள் இந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று ஓனர் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள் பள்ளியில்.

"நான் வாங்கித் தர்றேன், நீ கவலையே படாத" என்றேன். அப்படித்தான் எல்லாவற்றுக்கும் சொல்வேன்.

தினமும் மாடிப்படி பாதிவரை இறங்குவேன். கடிதம் கேட்டால் ஆஸ்பத்திரிப் பொய் வெளியே வரும், எங்களையும் காலி பண்ணச் சொல்லிவிடுவார் என்ற பயத்தில் திரும்பி ஏறிவிடுவேன். அட்மிஷனுக்குக் கடைசி நாள் வந்தது. தனத்திடம், "ஓனர் ஊர்ல இல்லடி, போன வாரமே போயிட்டாராம்" என்றேன்.

அவள் பால் வாங்கக் கீழே போனாள். ஓனர் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்துவிட்டு, "இப்ப உடம்பு எப்படிம்மா இருக்கு? ஆஸ்பத்திரில என்ன சொன்னாங்க?" என்று அக்கறையாக விசாரித்திருக்கிறார்.

மேலே வந்தவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். செருப்பு போடும்போதுதான் சொன்னாள். "இந்த ஊர்ல தெரிஞ்சவ நீ ஒருத்திதான்னு நெனச்சிகினு இருந்தேன். தெரியாதவங்க யார்னா கிட்ட கேட்டிருக்கலாம்."

அன்றே ஹெப்பகோடிக்குப் போய்விட்டார்கள். குழந்தை அந்த வருடம் எந்தப் பள்ளியிலும் சேரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். ஹெப்பகோடி எங்கேயோ இல்லை, இதே ஊர்தான், இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். பதினோரு வருடத்தில் நான் ஒரு தடவைகூடப் போகவில்லை. அவள் போன சில மாதத்திலேயே என்னைப் பள்ளித் தோழிகள் குரூப்பில் சேர்த்தார்கள், அன்றே தனம் அதிலிருந்து வெளியேறிவிட்டாள். இப்போது நானே அட்மிஷன் கவுண்டரில் உட்கார்ந்து, கைக்குழந்தையோடு நிற்கிறவளிடம் அட்ரஸ் புரூப் கேட்கிறேன். கேட்கும்போது அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை.

5

புதிய முகப்புக்கு என்னுடைய தனிப் படம் ஒன்று வேண்டும் என்றாள் கீர்த்தி. தேடினால் ஒன்றுகூடத் தேறவில்லை. எல்லாவற்றிலும் யாருக்காவது சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன். கடைசியில் ஒரு அரசாங்க விண்ணப்பத்துக்கு எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படம்தான் கிடைத்தது. அதற்கு முன்னால் எடுத்த படத்தைப் பல் தெரிகிறது என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதனால் ஸ்டுடியோக்காரர் இரண்டாவது தடவை, "நகபேடி மேடம், நகபேடி" என்று சொல்லிக்கொண்டே எடுத்தார். சிரிக்காதீர்கள் என்று அர்த்தம். நேராகப் பார்த்த முகம், இறுக்கி மூடிய வாய். கீர்த்தி அதைக் கறுப்பு வெள்ளையாக்கி, சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு போட்டாள். "கிளாஸா இருக்கும்மா" என்றாள். எனக்கும் ஒரு பெரிய மனுஷிக் களை வந்த மாதிரிதான் இருந்தது.

"ஊர் ஞாபகமா ஏதாவது ஒண்ணு வரையட்டுமா?"

"மல்லிகைச் சரம் போடு" என்றேன். எனக்கு மல்லிகை என்றால் உயிர். இந்த யோசனை அவளுடையது இல்லை, என்னுடையது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

சனிக்கிழமை மதியம் லேப்டாப்பில் காட்டினாள். பிரமாதமாக இருந்தது. மேலே திரையின் இந்த முனையில் இருந்து அந்த முனைவரை தோரணம் மாதிரி மல்லிகைச் சரம். இடது பக்கம் என் படம். படத்துக்குக் கீழே 'நிர்மலா', அதற்குக் கீழே 'பத்தாம் ஆண்டு'. வலது பக்கம் பெரிதாக 'நோட்டீஸ் போர்டு' என்ற பெயரும் இரண்டு வாசல்களும். வருடக்கணக்காக நோட்டீஸ் எழுதுகிறவள் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் தலையாட்டினேன். கீர்த்தி அதை வெளியிட்டாள். நான் அதன் இணைப்பைத் தோழிகள் குரூப்பில் போட்டுவிட்டுக் காய்கறி வாங்கக் கிளம்பிவிட்டேன்.

குடியாத்தத்தில் யாரிடம் லேப்டாப் இருக்கிறது? எல்லோரும் போனில் திறந்தார்கள். போன் திரை ஒல்லி. இடது பக்கம் இருந்தது மேலே வந்தது, வலது பக்கம் இருந்தது எங்கேயோ கீழே இறங்கிவிட்டது. தோரணமாக நீண்டிருந்த மல்லிகைச் சரம் இடம் போதாமல் இரண்டு பக்கமும் சரிந்து என் படத்தின் மேல் விழுந்தது. கறுப்பு வெள்ளையில் ஒரு முகம். சுற்றிலும் பூமாலை. கீழே நிர்மலா. அதற்கும் கீழே, பத்தாம் ஆண்டு.

தினத்தாள் வாங்கும் எந்தத் தமிழ் வீட்டிலும் குழந்தைக்குக்கூட இது என்னவென்று தெரியும். எங்கள் வீட்டுக்கு வருவது ஆங்கிலப் பேப்பர். கீர்த்தி அஞ்சலி விளம்பரம் என்ற ஒன்றைப் பார்த்ததே இல்லை.

"ஏண்டி நிம்மி, உனக்கு நீயே பத்தாம் வருஷ அஞ்சலி போட்டுக்கினியா?" என்றாள் ஜெயந்தி, சிரிப்பை அடக்கமுடியாமல். "நான் வேற பாக்காம, நம்ம பிரெண்டு சாதிச்சிட்டாளேன்னு அந்தப் படத்த அப்படியே ஸ்டேட்டஸ்ல வெச்சி, வாழ்த்து சொல்ல கைகூப்பின பொம்மையும் போட்டுட்டேன். எங்க மாமியார் பாத்துட்டு, 'ஐயோ பாவம், எப்ப?'ன்னு கேக்கறாங்க."

குரூப்பில் ஆளாளுக்குக் கிழித்தார்கள். பத்து வருடமாகக் காரியச் சாப்பாடு போடாமல் ஏமாற்றிவிட்டேனாம். சேகர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கீர்த்திக்கு மட்டும் விளங்கவில்லை. விளக்கிச் சொன்னதும், "அய்யோ அம்மா, சாரி, சாரி" என்று முகம் வெளுத்துப்போய் லேப்டாப்பைத் திறந்தாள். அரை மணி நேரத்தில் மல்லிகையும் போனது, என் படமும் போனது. கதை இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

6

ஞாயிறு காலை பதினோரு மணி. தெரு முனைச் சர்ச்சில் பூசை முடிந்து ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். சேகர் மட்டன் வாங்கப் போயிருந்தார். நான் தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு, நைட்டியும் தோளில் துண்டுமாகக் குளிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன். காலிங்பெல் அடித்தது.

திறந்தால் தனம்.

கொஞ்சம் பெருத்திருந்தாள், காதோரம் நரை. வெளுத்துப்போன ஒரு பழைய புடவை, பொட்டு வைக்காத நெற்றி. கண் இரண்டும் வீங்கியிருந்தன. கையில் வாழை இலை சுற்றிய பொட்டலம். இலை விலகிய இடத்தில் சம்பங்கி தெரிந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனாள்.

"தனம்?" என்றேன். அவ்வளவுதான்.

"அடிப்பாவி!" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டுக் கதவு திறந்தது. "உயிரோடவாடி இருக்கற! உயிரோட இருந்துகினு, எண்ணெ தேச்சிகினு நிக்கறியே, உனக்கே நல்லா இருக்குதாடி?"

பொட்டலத்தாலேயே என் தோளில் நான்கு அடி போட்டாள். ஐந்தாவதுக்குக் கை வரவில்லை. என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். எதிர் வீட்டு அம்மா பயந்துபோய், "ஏனாய்த்து?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்பதை, "ஏனில்லா, ஃப்ரெண்டு" என்று அழுகையோடு அழுகையாக அவருக்குச் சொன்னேன்.

உள்ளே வந்து, இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தபிறகுதான் தனத்துக்குப் பேச்சு வந்தது.

"நேத்து டூட்டி முடிச்சி பஸ்ல வரேன். ஜெயந்தி ஸ்டேட்டஸ்ல உன் படம். மால. பத்தாம் ஆண்டு. கைகூப்பி வெச்சிருக்கா. எனக்கு ஒண்ணுமே ஓடல. பத்து வருஷம் ஆச்சா? நான் சண்ட போட்டுட்டுப் போன மறு வருஷமே பூட்டியா? ஒருத்தரும் எனக்குச் சொல்லலியே! ஜெயந்திக்குப் போன் போடலாம்னு எடுத்தேன். உனக்கு இத்தினி நாளா தெரியாதான்னு அவ கேட்டா இன்னாடி சொல்லுவேன்? அப்பிடியே வெச்சிட்டேன்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பத்து வருஷமா செத்தவ மேல கோவமா இருந்திருக்கேனேடி. தோசை சுடும்போது திட்டுவேன், பஸ்ல நிக்கும்போது திட்டுவேன். செத்துப்போனவளயா இத்தினி நாளா திட்டிகினு இருந்தேன்? பஸ்ஸுன்னுகூட பாக்காம அழுதேன். பக்கத்துல இருந்த பொம்பள, யாரோ, எனக்குத் தண்ணி குடுத்தா."

இந்த வீட்டை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். அந்த நேரத்துக்கு வாயில் வந்தது அதுதான்.

"பழைய வீட்டுக்குத்தான் போனேன். அந்த ஓனர் இன்னும் அதே நாற்காலிலதான் உக்காந்துகினு இருக்காரு. நிர்மலா வீட்டுக்காரர் இப்ப எங்க இருக்கார்னு கேட்டேன். அவங்களுக்கு வர்ற தபால் எல்லாம் அனுப்பறதால விலாசம் இருக்குதும்மான்னு சொல்லிட்டு, இந்தா, அவரே கைப்பட எழுதிக் குடுத்தாரு."

இடுப்பில் இருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். கோணல் கையெழுத்தில் எங்கள் முழு விலாசம். கீழே, யாரும் கேட்காமலே, தன் பெயரையும் போட்டிருந்தார்.

"நான் யாருன்னுகூட கேக்கல. அன்னிக்கும் நீ கேட்டிருந்தா எழுதிக் குடுத்திருப்பாருடி. நல்ல மனுஷன்."

அந்தக் காகிதத்தைப் பார்க்கவே முடியவில்லை. பதினோரு வருடமாக ஓனரை ஒரு பூச்சாண்டியாக வைத்துக்கொண்டுதான் நான் என்னைச் சமாதானப்படுத்தி வந்தேன். அவர் ஒன்றும் பண்ணவில்லை. நான்தான் பண்ணினேன்.

"தனம், ஓனர் ஊர்ல இல்லன்னு சொன்னது பொய்."

"அது அன்னிக்கே தெரியும். இத வாயால சொல்றதுக்கு உனக்குப் பதினோரு வருஷமா?"

"உனக்கு உடம்பு சரியில்லன்னு அவர்கிட்ட சொன்னதும்..."

"அதுவும் தெரியும். எனக்கு இன்னா வியாதின்னுதாண்டி சொன்ன?"

"கிட்னில கல்லு."

தனம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பு வந்ததை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பாரு நிம்மி. பொண்ணு அந்த ஒரு வருஷம் வீட்ல உக்காந்தா. இப்ப பி.யூ.சி. படிக்கறா, நல்லா படிக்கறா. ஆனா கூடப் படிக்கறவங்களவிட ஒரு வயசு பெரியவ. அத நான் மறக்க மாட்டேன்."

"மறக்க வேணாம்."

"நேத்து ராவெல்லாம் அந்தக் கோவத்த எங்க கொண்டுபோய் வெக்கறதுன்னு தெரியாம தவிச்சிட்டேன். இப்ப நீ உயிரோட இருக்க." பெருமூச்சு விட்டாள். "இனிமே நிம்மதியா கோவப்படலாம்."

7

மட்டனோடு வந்த சேகர் வாசலிலேயே நின்றுவிட்டார். தனம் இருந்து சாப்பிட்டாள். உப்பு போதவில்லை என்றாள். கீர்த்தி குற்றவாளி மாதிரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீதானா உங்கம்மாவுக்கு மால போட்டவ?" என்று தனம் அவள் காதைப் பிடித்தாள்.

மாலை இன்னும் பொட்டலத்திலேயே இருந்தது. சம்பங்கியும் ரோஜாவும் வைத்துக் கட்டிய கனத்த மாலை. இதை என்ன செய்வது, சாமிக்கும் போடக்கூடாது, குப்பையிலும் போட மனசு வரவில்லை என்று தனம் கையைப் பிசைந்தாள்.

"எனக்குன்னு வாங்கினதுதான? எனக்கே போடு" என்று எழுந்து நின்றேன்.

"ஐயோ, அபசகுனம்டி!"

"பத்து வருஷம் செத்துக் கெடந்தவளுக்கு இனிமே இன்னாடி அபசகுனம்? போடு."

போட்டாள். போடும்போது மறுபடி அழுகை வந்துவிட்டது அவளுக்கு. எண்ணெய்த் தலையும் நைட்டியும் மாலையுமாக நான் வாய்விட்டுச் சிரித்த நேரத்தில் கீர்த்தி போனில் படம் எடுத்தாள். எல்லாப் பல்லும் தெரிகிறது. எந்த ஆபீசிலும் வாங்கமாட்டார்கள்.

பிறகு கீர்த்தி தன் போனைத் தனத்திடம் கொடுத்தாள். "ஆன்ட்டி, புதுசா மாத்தியிருக்கேன், சரியா இருக்கான்னு பாருங்க. உங்களுக்கு எதுவோ அத அமுக்குங்க."

தனம் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுச் சத்தமாகப் படித்தாள். "பழைய சிநேகம். புதிய வரவு." கட்டைவிரல் திரைக்கு மேலே நின்றது. இங்கே போனது, அங்கே போனது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் இதுல எதுடி?"

எனக்கு எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும். கவுண்டரில் எவ்வளவு பெரிய ஆள் வந்து சத்தம் போட்டாலும் பதில் சொல்வேன். இதற்கு எந்தப் பொத்தானையும் காட்டவில்லை. "நீ போனதுக்கப்புறம் எனக்கு நம்ம ஊர்த் தமிழ்ல பேச ஆளே இல்லடி" என்றேன். "அதனாலதான் எழுத ஆரம்பிச்சேன். இது எல்லாமே உன்கிட்ட பேசினதுதான்."

தனம் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கீர்த்தி போனை மெதுவாக வாங்கிக்கொண்டாள். "ஆய்த்து, புரிஞ்சுதும்மா" என்றாள். அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு பொத்தானையும் எடுத்துவிட்டாள். அதுதான் சரி. எங்கள் பள்ளி நோட்டீஸ் போர்டுக்கு எத்தனை வாசல் இருக்கிறது? தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே இடத்தில்தான் நின்று படிக்கிறார்கள். தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, அடுத்தவருடையதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். பன்னிரண்டாவது கட்டத்துக்குப் படம் தருகிறாயா என்று தனத்தைக் கேட்டேன். "அதுக்குள்ள இன்னா அவசரம்" என்றாள்.

முகப்பில் இப்போது முதலாவதாக இருப்பது புதிதாக வந்தவர்களுக்கான ஒரு பதிவு. 'வீட்டு ஓனரிடம் முகவரிக் கடிதம் வாங்குவது எப்படி' என்பது தலைப்பு. முதல் வரி, 'கேளுங்கள்.' இரண்டாவதாக இருப்பது நீங்கள் இப்போது படிக்கிற இது. மேலே மாலையும் பல்லுமாக அந்தப் படம், கலரில். போனில் எப்படித் தெரிகிறது என்று தனத்தின் போனிலேயே திறந்து பார்த்துவிட்டுத்தான் வெளியிட்டோம்.

படத்துக்குக் கீழே என்னைப் பற்றி இரண்டு வரி வேண்டும் என்றாள் கீர்த்தி. நான் என் வேலை, அனுபவம் எல்லாம் சேர்த்து நீளமாக ஆரம்பித்தேன். தனம் என் கையைத் தட்டிவிட்டாள். "நான் சொல்றேன், நீ எழுது" என்றாள். அவள் சொன்னதை ஒரு எழுத்துகூட மாற்றாமல் போட்டிருக்கிறேன்.

'இவ நிர்மலா. குடியாத்தம், இப்ப பெங்களூரு. என்கிட்ட ஒரு பொய் சொன்னா. உயிரோடதான் இருக்கா, வந்து பாருங்க.'